மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வரைபடம்: செய்தி சொல்வது என்ன, பனையிலிருந்து விழுந்தவருக்கு அதனால் ஆவது என்ன?

"எலியின் மூளையை முழுசாக வரைந்துவிட்டார்கள், இனி முதுகுத் தண்டு அடிபட்டவர்களும் எழுந்து நடந்துவிடலாம்" என்கிற மாதிரி செய்திகள் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகின்றன. சென்னை ஐஐடி மனித மூளைக்கு வரைபடம் வெளியிட்ட செய்தியும் இதோடு கலந்துவிட்டது. எது எலி, எது மனிதன், எது மூளை, எது முதுகு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் பலரும் குழம்புகிறார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் இந்தக் குழப்பம் வெறும் பொது அறிவு விஷயமாக நின்றுவிடுவதில்லை. ராதாபுரம், திசையன்விளை, உடன்குடி பக்கம் பனையேறிப் பிழைக்கிற குடும்பங்களுக்கு, பதநீர் இறக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போவது என்றால் என்னவென்று தெரியும். அந்த வீடுகளில் இப்படி ஒரு செய்தி வந்தால் "மருந்து வந்துடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

எலும்பு வேறு, வடம் வேறு

முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகளின் வரிசை. அந்த எலும்புகளின் நடுவே ஓடும் குழாய்க்குள் பத்திரமாக இருப்பது தண்டுவடம். ஆட்டுக் கழுத்துக்கறி வாங்கியவர்கள் எலும்புத் துண்டின் நடு ஓட்டைக்குள் வெள்ளையாக, மெத்தென்று ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பார்கள். அதுதான் தண்டுவடம். எலும்பு முறிந்தால் கூடும். வடம் நசுங்கினால் கூடுவதில்லை. "முதுகு உடைந்துவிட்டது" என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த இரண்டில் எது என்று கேட்பது முக்கியம், ஏனென்றால் எலும்பு முறிந்தும் வடம் தப்பியவர்கள் உண்டு.

வளர்ந்த மனிதரில் தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளம். அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்புகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திருவெலும்புப் பகுதியில் 5, கடைசியில் வால் எலும்புக்கு 1. மருத்துவ அறிக்கையில் வரும் சி5, டி10, எல்1, எஸ்2 எல்லாம் இந்த வரிசை எண்கள்தான்: சி கழுத்து, டி மார்பு, எல் இடுப்பு, எஸ் திருவெலும்பு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. கருவின் மூன்றாம் மாதத்தில் எலும்புக் குழாயும் வடமும் ஒரே நீளம். அதன்பிறகு எலும்பு வேகமாக வளர்கிறது, வடம் பின்தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களில் முதல் அல்லது இரண்டாம் இடுப்பெலும்போடு வடம் முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது நரம்பு வேர்களின் கற்றை மட்டும். ஆகவே டி12 எலும்பு உடைந்தால் நசுங்குவது வடத்தின் டி12 பகுதியாக இருக்காது. கால்களையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் ஆளும் கீழ்ப்பகுதிகள் அந்த உயரத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. உயரத்திலிருந்து விழுந்து கால் ஊன்றியோ உட்கார்ந்த வாக்கிலோ தரையில் மோதும்போது, விசை வந்து குவியும் இடமும் இதே டி11 முதல் எல்2 வரையிலான சந்திப்புதான். கையெல்லாம் நன்றாக இருந்தும், காலும் சிறுநீர்க் கட்டுப்பாடும் ஒன்றாகப் போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

சிசேரியனுக்கு முன் முதுகில் ஊசி போட்டால் பின்னாளில் கால் வராமல் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. அந்த ஊசி போடப்படுவது வடம் முடிந்த பிறகு, மூன்றாம் நான்காம் இடுப்பெலும்புகளை ஒட்டி. ஊசிமுனை வடத்தைத் தொடக்கூடாது என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆடு, எலி, யானை, மனிதன்: பொதுவானது எது?

பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் மைய நரம்பு மண்டலத்தின் திட்டம் ஒன்றுதான். மேலே பெருமூளை, பின்னால் சிறுமூளை, நடுவே தலாமஸும் ஹைப்போதலாமஸும், அடியில் மூளைத்தண்டு. மூளைத்தண்டின் கடைசிப் பகுதியான முகுளம் தொடர்ந்து இறங்கித் தண்டுவடமாகிறது. பெருமூளையின் மேற்புறணியில், அதாவது அதன் வெளிப்பட்டையில், ஆறு அடுக்குகளாகச் செல்கள் இருப்பது பாலூட்டிகளின் தனி அடையாளம். எலிக்கும் ஆறு, நமக்கும் ஆறு. கழுத்தெலும்புகூட ஏழுதான், கடல்பசுவின் உறவான மேனட்டி, தேவாங்கு போலத் தோன்றும் தென்னமெரிக்க ஸ்லாத் என்று மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான்.

வேறுபாடு அளவிலும் விகிதத்திலும் வருகிறது. எலிகளில் சிறியதான சுண்டெலியின் மூளை அரை கிராம்கூட இல்லை. அதில் சுமார் 7 கோடி நரம்பு செல்கள். மனித மூளை ஏறத்தாழ 1.3 கிலோ, சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். களக்காடு மலையில் திரியும் யானையின் இனத்துக்கு மூளை நம்முடையதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஆப்பிரிக்க யானையின் மூளையில் 2014இல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 25,700 கோடி நரம்பு செல்கள் இருந்தன. ஆனால் அவற்றில் 98 சதவீதம் சிறுமூளையில். பெருமூளைப் புறணியை மட்டும் எடுத்தால் யானையைவிட மனிதனுக்குத்தான் அதிகம். மொத்த எடையை வைத்து ஒரு மூளையைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது, எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வரைபடத்தின் தேவை தொடங்கும் இடம் இது.

இன்னொரு அடிப்படை. நரம்பு செல்லின் உடல்கள் கூடியிருக்கும் இடம் சாம்பல் நிறத்தில் தெரியும். அவற்றிலிருந்து நீளும் இழைகள், அதாவது ஆக்ஸான்கள், கொழுப்புறை போர்த்திக் கட்டுக்கட்டாகப் போகும் இடம் வெள்ளையாகத் தெரியும். பெருமூளையில் சாம்பல் வெளியே, வெள்ளை உள்ளே. தண்டுவடத்தில் நேர் எதிர்: குறுக்கே வெட்டினால் நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சாம்பல், சுற்றிலும் வெள்ளை. அந்த வெள்ளைப் பகுதிதான் மூளைக்குப் போகும் வழியும் மூளையிலிருந்து வரும் வழியும்.

வரைபடம் என்றால் எந்த வரைபடம்?

செய்திகளில் எல்லாவற்றையும் "மூளை வரைபடம்" என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். குறைந்தது நான்கு வகை உண்டு. ஒன்றிலிருந்து தெரிவது மற்றொன்றிலிருந்து தெரியாது.

1. பகுதிகளின் வரைபடம். மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, செல்களின் அடர்த்தியும் வடிவமும் மாறும் இடத்தில் எல்லை போடுவது. ஜெர்மனியின் கோர்பினியன் பிராட்மன் 1909இல் பெருமூளைப் புறணியை இப்படிப் பிரித்து 52 வரை எண் கொடுத்தார். பார்வைக்கு 17, தசை இயக்கத்துக்கு 4 என்று நரம்பு மருத்துவர்கள் இன்றும் அந்த எண்களைச் சொல்கிறார்கள். தண்டுவடத்துக்கு அந்த வேலையைச் செய்தவர் ஸ்வீடனின் ப்ரூர் ரெக்சட். 1950களின் தொடக்கத்தில் பூனையின் தண்டுவடச் சாம்பல் பகுதியைப் பத்து அடுக்குகளாகப் பிரித்தார். பூனைக்குப் போட்ட அந்தப் பத்து எண்கள் மனிதருக்கும் அப்படியே பொருந்தின.

2. செல் வகைகளின் வரைபடம். ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று படித்து, ஒரே மாதிரியானவற்றை ஒரு வகையாகச் சேர்ப்பது. 2023 டிசம்பரில் சுண்டெலியின் முழு மூளைக்கும் இந்தக் கணக்கெடுப்பு வெளியானது. சுமார் 5,300 வகைகள். அந்த "முழு மூளை"க்குள் தண்டுவடம் இல்லை.

3. பாதைகளின் வரைபடம். எந்த இடத்துச் செல் எந்த இடத்துக்கு இழை அனுப்புகிறது என்று காண்பது. முதுகு அடிபட்டவர்களுக்கு இதுதான் நேரடியாக வேண்டியது. இதைத் தனியாகப் பார்ப்போம்.

4. ஒவ்வொரு இணைப்பின் வரைபடம். செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான சந்திப்புகளை, அதாவது சினாப்ஸ்களை, ஒன்றுவிடாமல் எண்ணுவது. 2025 ஏப்ரலில் வந்த பெரிய செய்தி இதுதான். சுண்டெலியின் பார்வைப் புறணியில் ஒரு கன மில்லிமீட்டர் துண்டு. அதில் சுமார் 84,000 நரம்பு செல்கள், 52 கோடியை ஒட்டிய சினாப்ஸ்கள், 1.6 பெட்டாபைட் (16 லட்சம் ஜிபி) தரவு. சுண்டெலி மூளை மொத்தம் ஏறக்குறைய 500 கன மில்லிமீட்டர் இருக்கும். ஆக வரைந்தது ஐந்நூற்றில் ஒரு பங்கு. "எலி மூளையை முழுசாக" என்று பரவிய செய்தி இந்த இடத்தில்தான் தவறியது. முழுசாக வரையப்பட்டது வேறொன்று: பழ ஈயின் மூளை, 2024 அக்டோபரில், 1,39,255 நரம்பு செல்களோடு. பாலூட்டி எதற்கும் இந்த நான்காம் வகை வரைபடம் முழுமையாக இன்னும் கிடையாது.

பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நரம்புத் திசுவைச் சும்மா நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது, எல்லா இழைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். 1873இல் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி வெள்ளி உப்பைக் கொண்டு ஒரு சாய முறை கண்டார். அது நூற்றில் ஓரிரு செல்களை மட்டும் முழுசாகக் கறுப்பாக்கும், மற்றவை நிறமில்லாமல் நிற்கும். அந்தக் குறைதான் அதன் பலம். ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால் அதே முறையைக் கையாண்டு, ஒவ்வொரு நரம்பு செல்லும் தனித்தனி என்று வரைந்தே காட்டினார். எல்லாம் ஒரே தொடர்வலை என்பது கோல்ஜியின் கட்சி. 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. கஹால் சொன்னதுதான் நிலைத்தது.

சாயம் செல்லின் வடிவத்தைக் காட்டும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த செல் எது என்று காட்டாது. அதற்கு உதவிக்கு வந்தது வெறிநாய்க்கடி வைரஸ். நாய் கடித்த இடத்தில் இறங்கும் ரேபிஸ் வைரஸ் இரத்தத்தில் பரவி மூளைக்குப் போவதில்லை. நரம்பு முனைக்குள் நுழைந்து, இழையின் வழியே பின்னோக்கி ஏறித் தண்டுவடத்தை அடைகிறது. அங்கிருந்து சினாப்ஸைத் தாண்டி, அந்தச் செல்லுக்குச் செய்தி அனுப்பும் முந்தைய செல்லுக்குள் போகிறது. இப்படிச் செல் செல்லாகத் தாவித்தான் மூளையை எட்டுகிறது. அந்தப் பயணத்துக்குப் பெரும்பாலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். கடித்தவுடன் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுவதும், அன்றே தடுப்பூசி போடுவதும் உயிரைக் காப்பது இந்த இடைவெளியில்தான். முகத்திலும் கையிலும் கடித்தால் ஆபத்து அதிகம் என்பதற்கும் காரணம் இதே பாதைதான்: தூரம் குறைவு, நரம்பு முனைகள் நெருக்கம்.

2007இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வைரஸை வரைபடக் கருவியாக மாற்றிய விதம் அழகானது. தாவுவதற்குத் தேவையான ஒரு மரபணுவை வைரஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த மரபணுவை, ஆய்வாளர் தேர்ந்தெடுத்த செல்களில் மட்டும் தனியாக வைத்தார்கள். இப்போது வைரஸ் அந்தச் செல்லிலிருந்து ஒரே ஒரு படி பின்னோக்கித் தாவும், அதோடு நின்றுவிடும். ஒளிரும் புரதத்தையும் சேர்த்துவிட்டதால், அந்த ஒரு படிக்குள் வந்த செல்கள் எல்லாம் நுண்ணோக்கியில் மின்னும். "இந்தச் செல்லுக்கு நேராகச் செய்தி அனுப்புவது யார் யார்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். இதை மனிதரிடம் செய்ய முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் பாதைகளைப் பற்றிய நம் அறிவில் பெரும்பகுதி எலியிலும் பூனையிலும் குரங்கிலும் இருந்து வந்தது.

மருத்துவமனை எம்ஆர்ஐ இதற்கு ஈடாகாதா? ஆகாது. வழக்கமான எம்ஆர்ஐ படத்தின் ஒரு புள்ளி சுமார் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு புள்ளிக்குள் பல பத்தாயிரம் செல்கள் அடங்கிவிடும். வீக்கம், நசுக்கம், இரத்தக் கசிவு அதில் நன்றாகத் தெரியும். தனி நரம்பு செல்லோ அது யாரோடு இணைந்திருக்கிறது என்பதோ தெரியாது.

எல்லைக்கோடு யார் போடுவது?

மூளையில் கோடு எதுவும் போட்டிருப்பதில்லை. செல் அடர்த்தியை வைத்துப் பிராட்மன் 52 வரை எண்ணினார். 2016இல் பல வகை எம்ஆர்ஐ அளவுகளைச் சேர்த்துப் பார்த்த அமெரிக்கக் குழு, ஒரு பக்கப் புறணிக்கு மட்டும் 180 பகுதிகள் என்றது. இரண்டும் சரிதான், அளவுகோல் வேறு. தனித்தனி மூளைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. சுண்டெலிக்கு இன்று பொதுவாகப் பயன்படும் வரைசட்டம் 1,675 எலிகளின் மூளையைச் சராசரி எடுத்துச் செய்தது. ஆகவே "வரைபடத்தில் உள்ள மூளை" என்று ஒரு தனி உயிரின் மூளை பெரும்பாலும் இல்லை.

சென்னையில் நடந்தது என்ன?

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட தரவுத் தொகுப்புக்குத் தரணி என்று பெயர். கருவில் 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து மனித மூளைகள்; மொத்தம் 5,132 சீவல்கள்; செல் செல்லாகப் பார்க்கும் துல்லியம்; யாரும் இணையத்தில் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். மேலே சொன்ன நான்கில் இது முதல் வகை.

கருவின் மூளை ஏன்? நடு மூன்று மாதங்களில்தான் புதிதாகப் பிறந்த நரம்பு செல்கள் மூளையின் ஆழத்திலிருந்து புறணிக்கு நகர்ந்து தங்கள் அடுக்கில் போய் அமர்கின்றன. அந்த நகர்வில் பிசகினால் பின்னாளில் வலிப்போ வளர்ச்சிக் குறைபாடோ வரலாம். ஒழுங்கான வளர்ச்சி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் பிசகை அடையாளம் காண முடியும். இது பெரிய வேலை, தமிழ்நாட்டில் நடந்தது என்பதில் பெருமைப்படவும் இடமுண்டு. ஆனால் முதுகுத் தண்டு சிகிச்சையோடு இதற்கு நேரடித் தொடர்பு இல்லை. இரண்டையும் ஒரே செய்தியில் முடிச்சுப் போட்டவர்கள் வாசிக்கிறவர்களுக்கு நல்லது செய்யவில்லை.

எலிக்குப் பலித்தது நமக்கு ஏன் பலிப்பதில்லை?

பெருமூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக இறங்கும் ஒரு பாதை உண்டு. "கையை நீட்டு, விரலை மடக்கு" என்ற கட்டளை போவது அதில்தான். மனிதரில் இந்த இழைகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை முகுளத்தின் அடியில் இடம் மாறி எதிர்ப்பக்கம் போகின்றன. இடப்பக்க மூளையில் பக்கவாதம் வந்தால் வலக்கை விழுவது இதனால்.

ஆட்டுக்கு இந்தப் பாதை கழுத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆனாலும் ஆட்டுக்குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கிறது. எப்படி? நடப்பதற்கான தாளம் தண்டுவடத்துக்குள்ளேயே இருக்கிறது. இடது, வலது, மடக்கு, நீட்டு என்று மாற்றிமாற்றி இயக்கும் செல் கூட்டங்கள் அங்கேயே உள்ளன. மூளைத்தண்டு "தொடங்கு" என்று சொன்னால் போதும். 1911இல் பிரிட்டன் ஆய்வாளர் கிரஹாம் பிரவுன் பூனையில் இதற்கான சான்றைக் காட்டினார். பின்னால் வந்தவர்கள், மார்புப் பகுதியில் வடத்தை வெட்டிய பூனையைக்கூட ஓடும் பட்டையில் (டிரெட்மில்) பழக்கினால் பின்னங்கால்கள் அடி எடுத்து வைப்பதைக் கண்டார்கள்.

எலியில் இதே கட்டளைப் பாதை தண்டுவடத்தின் முதுகுப்பக்கத்தில் ஓடுகிறது. மனிதனில் பக்கவாட்டில் ஓடுகிறது. மனிதனிலும் குரங்குகளிலும் அது விரல் தசைகளை இயக்கும் செல்களை நேராகத் தொடுகிறது, எலியில் இடையில் வேறு செல்கள் நிற்கின்றன. ஆகவே எலியின் முதுகுப்பக்கத்தைக் காயப்படுத்தி, ஒரு மருந்து கொடுத்து, எலி மறுபடி நடந்துவிட்டது என்றால், அது குணமானதா, அடிபடாத வேறு பாதை ஈடுகட்டியதா என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டு விலங்குகளின் பாதை வரைபடங்களையும் அருகருகே வைத்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். என் கருத்தில் இந்தத் துறையின் மிகப் பெரிய பயனே இந்த ஒப்பீடுதான். பொய்யான நம்பிக்கையை அது தொடக்கத்திலேயே பிடித்துவிடும்.

வரைபடம் முழுமையானால் எல்லாம் தெரிந்துவிடுமா?

ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவுக்கு மொத்தமே 302 நரம்பு செல்கள். அதன் இணைப்பு வரைபடம் 1986லேயே வந்துவிட்டது. அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று வரைபடத்தை மட்டும் வைத்து இன்றும் சொல்ல முடிவதில்லை. கன்னடியன் கால்வாயும் பாளையங்கால்வாயும் எங்கே பிரிகின்றன, எத்தனை மடை என்று தாமிரபரணிப் பாசன வரைபடம் காட்டும். இந்த வாரம் எந்த மடை திறந்திருக்கிறது, எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது என்று அது காட்டாது. நரம்பிலும் அப்படித்தான். எந்தச் சினாப்ஸ் பலமானது, எது தூண்டுகிறது, எது அடக்குகிறது, எந்த வேதிப்பொருள் எப்போது சுரக்கிறது என்பதெல்லாம் இழையின் படத்தில் இருப்பதில்லை.

மரத்திலிருந்து விழுந்தவருக்கு இன்று உதவும் வரைபடம்

புதிய வரைபடங்கள் ஒருபக்கம் இருக்கட்டும். பழைய வரைபடம் ஒவ்வொரு நாளும் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்துகொண்டிருக்கிறது. உடம்பின் தோல் தண்டுவடப் பகுதிகளுக்கு ஏற்பப் பட்டைபட்டையாகப் பிரிந்திருக்கிறது: மார்புக் காம்பு மட்டம் டி4, தொப்புள் டி10, கட்டைவிரல் சி6. மருத்துவர் குண்டூசியால் மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வந்து, தொப்புளோடு உணர்ச்சி நின்றுவிடுகிறது என்றால், அடிபட்ட இடம் டி10ஐ ஒட்டி என்று ஸ்கேனுக்கு முன்பே கணித்துவிடுவார். மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்கு நரம்பு வருவது சி3 முதல் சி5 வரை. அதற்கு மேலே வடம் நசுங்கினால் மூச்சே நின்றுவிடும்.

இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வும் அதிர்வை உணர்வதும் வடத்தின் அதே பக்கத்தில் ஏறி, முகுளத்தில் போய்த்தான் எதிர்ப்பக்கம் மாறுகின்றன. வலியும் சூடும் தண்டுவடத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே மாறிவிடுகின்றன. அதனால் கத்திக்குத்திலோ கட்டியிலோ வடத்தின் வலப்பாதி மட்டும் கெட்டால், வலக்கால் அசையாது, அதன் நிலையும் தெரியாது; ஆனால் சுட்டால் உறைக்காமல் போவது இடக்காலில். பார்ப்பவர்களுக்கு நம்ப முடியாததாகத் தோன்றும் இதை 1850 வாக்கில் விளக்கியவர் மொரிஷியஸில் பிறந்த பிரவுன் செக்கார். ஒரு குண்டூசியும், தட்டினால் அதிரும் ஒரு இசைக்கவையும் இருந்தால் இன்றும் இதைச் சோதித்துவிடலாம்.

இந்த உடற்கூறிலிருந்து நேராக வரும் சில செயல்கள்:

1. விழுந்தவரைக் கையும் காலும் பிடித்துத் தூக்கக் கூடாது, உட்கார வைக்கவும் கூடாது. முறிந்த எலும்பு நகர்ந்தால், அதுவரை தப்பியிருந்த வடம் அந்த நேரத்தில் நசுங்கலாம். தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மூச்சில் புரட்டி, பலகையிலோ கதவிலோ கிடத்த வேண்டும்.

2. ஆட்டோவில் மடக்கி ஏற்றுவதைவிட 108க்குச் சொல்லிக் காத்திருப்பது மேல்.

3. மலவாய்ச் சுற்றில் உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வடத்தின் கடைசி நுனிவரை ஏதாவது ஒரு இழையாவது பிழைத்திருக்கிறதா என்பதை அந்தச் சோதனைதான் சொல்கிறது. உணர்ச்சியோ, மலவாயைத் தானே சுருக்கும் திறனோ இருந்தால் பாதிப்பு அரைகுறை, இரண்டும் இல்லாவிட்டால் முழுமை. திரும்ப எவ்வளவு வரும் என்ற கணிப்பு பெரிதும் இதைச் சார்ந்தது.

அறுந்த இழை ஏன் வளர்வதில்லை, வேறு வழி என்ன?

கையில் வெட்டுப்பட்ட நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளரும். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த ஆக்ஸான் அப்படி வளர்வதில்லை. காயத்தில் உண்டாகும் தழும்பும், சுற்றியுள்ள கொழுப்புறையில் இருக்கும் சில புரதங்களும் தடுக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் கனடாவில் செய்த சோதனைகளில், கால் நரம்பின் துண்டு ஒன்றைப் பாலமாக வைத்தபோது தண்டுவட ஆக்ஸான்கள் அதற்குள் வளர்ந்தன. வளரும் திறன் முழுக்கப் போய்விடவில்லை, சூழல்தான் விடவில்லை என்று அப்போது தெரிந்தது. அதை மருந்தாக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

வரைபடம் நேரடியாகப் பலன் தந்த இடம் மின்தூண்டல். அடிபட்ட இடத்துக்குக் கீழே நடைக்கான செல் கூட்டங்கள் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன, கட்டளைதான் வரவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரக் குழு, எந்த நரம்பு வேர் எந்தக் கால் தசையை ஆள்கிறது என்ற வரைபடத்தைப் பின்பற்றி, வடத்தின் மேல் மின்முனைகளை வைத்து, நடையின் தாளத்துக்கு ஏற்றபடி தூண்டியது. 2018இல் மூன்று பேர் தாங்கலோடு அடியெடுத்து வைத்தார்கள். 2022இல், இந்தத் தூண்டலால் நடை திரும்பும்போது எந்த வகைச் செல் முக்கியமாக வேலை செய்கிறது என்பதைச் சுண்டெலியின் தண்டுவடச் செல் வரைபடத்தில் கண்டுபிடித்தார்கள்.

2024 டிசம்பரில் அதே நகரத்திலிருந்து வந்தது இன்னும் எதிர்பாராதது. வடம் அரைகுறையாக அடிபட்ட எலிகள் தேறிவரும்போது மூளை முழுவதிலும் எந்தெந்தச் செல்கள் விழிக்கின்றன என்று வரைந்து பார்த்தார்கள். பசி, விழிப்பு ஆகியவற்றோடு மட்டும் தொடர்புபடுத்தப்பட்டு வந்த ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதி முன்னால் வந்து நின்றது. அந்த இடத்தில் மின்முனை பொருத்திய இரண்டு மனிதர்களுக்கு நடை மேம்பட்டது. முழு மூளையையும் பார்க்காமல், "இங்கேதான் இருக்கும்" என்று நினைத்த இடத்தை மட்டும் தேடியிருந்தால் இது கிடைத்திருக்காது.

கவனிக்க வேண்டியது: இரண்டு பேர், அதுவும் அரைகுறைப் பாதிப்பு. எல்லா மருத்துவமனையிலும் கிடைக்கும் சிகிச்சை இல்லை. ஆகவே இன்று யாராவது "வெளிநாட்டு முறை, இத்தனை லட்சம் கட்டினால் எழுந்து நடப்பார்" என்று வீட்டுக்கு வந்து சொன்னால், காசைக் கொடுக்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: சோதித்தது எந்த விலங்கில், எத்தனை மனிதரில்? பாதிப்பு முழுமையா அரைகுறையா? கழுத்தா, மார்பா, இடுப்பா? அடிபட்டு எத்தனை மாதம் கழித்து? பதிவு செய்யப்பட்ட ஆய்வா? ஆய்வு என்றால் சிகிச்சைக்குப் பணம் கேட்பது ஏன்?

அதற்கு இடையில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சிறுநீரை நேரப்படி குழாயால் வெளியேற்றிச் சிறுநீரகத்தைக் காப்பது, கை பலத்தை வளர்த்துச் சக்கர நாற்காலிக்குத் தானே மாறப் பழகுவது. தண்டுவடம் அடிபட்டவர்களின் உயிரை முன்பெல்லாம் எடுத்தது பெரும்பாலும் புண்ணிலிருந்தும் சிறுநீர்ப்பாதையிலிருந்தும் வந்த தொற்றுதான். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981இலிருந்து இயங்குகிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் இயக்கத்தை இழந்தவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சியும் அங்கே உண்டு. புதிதாக அடிபட்டவரின் வீட்டார், மருத்துவமனையிலிருந்து அனுப்பும் சீட்டில் பாதிப்பின் மட்டமும் முழுமையா அரைகுறையா என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டால், அங்கோ வேறு மறுவாழ்வு மையத்திலோ முதல் நாளே எந்தப் பயிற்சியில் தொடங்குவது என்று முடிவு செய்துவிட முடியும்.